நட்சத்திரங்களை ஆளும் பிள்ளைகள்

ஒரு நாவலைக் கையில் கொடுத்து, "இதைப் பிள்ளைகள் படிக்கலாமா?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது எனக்குச் சிரமமில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, படிக்கலாம் என்றோ, இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்றோ சொல்லிவிடுவேன். ஆசிரியர் எழுதியது எழுதியபடி அச்சில் இருக்கிறது. நான் படிக்கும்போது பிழைத்துக்கொண்ட கதாநாயகன் பையன் படிக்கும்போது செத்துப்போக மாட்டான்.

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டால் அவ்வளவு சுலபமாகப் பதில் வருவதில்லை. அதில் பாதிக் கதையை எழுதுகிறவன் விளையாடுகிற பையன். ஒரே விளையாட்டு, அண்ணன் ஆடினால் விபீஷணன் கதையாகவும், தம்பி ஆடினால் ராவணன் கதையாகவும் முடியலாம். கடையில் வாங்கியது என்னவோ ஒரே பொருள்தான். ஆகவே அதை விமர்சிக்க வருகிறவன், அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. விளையாடுகிறவனை எதை எழுதச் சொல்கிறது, எதை எழுதுவதைச் சுலபமாக்கி வைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பெற்றோர் என்னிடம் கேட்கும்போது பெரும்பாலும் இரண்டு பயங்களோடு கேட்கிறார்கள். கண் கெட்டுவிடுமோ என்பது ஒன்று. படிப்புக் கெட்டுவிடுமோ என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான பயங்களே. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்கு ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் 'ஸ்டெல்லாரிஸ்'. ஸ்வீடன் தேசத்தில், ஸ்டாக்ஹோம் நகரத்திலுள்ள பாரடாக்ஸ் என்ற கம்பெனியார் 2016-ல் வெளியிட்டார்கள். இன்றும் புதிய பகுதிகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு கி.பி. 2200-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொடங்குகிறது. உங்கள் இனத்துக்கு ஒரு கிரகம் இருக்கிறது. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகும் வித்தை அப்போதுதான் கைவந்திருக்கிறது. ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று, கட்டுமானக் கப்பல் ஒன்று, சின்னஞ்சிறு போர்க் கப்பல்கள் சில. இவற்றை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான நட்சத்திரங்கள் சிதறிக் கிடக்கும் வெளியில் ஒரு ராஜ்யத்தை நடத்த வேண்டும். நாட்கள் தாமே ஓடும். வேண்டும்போது காலத்தையே நிறுத்தி வைத்து யோசிக்கலாம். நமக்கெல்லாம் கிடைக்காத வசதி!

உங்கள் இனம் மனித இனமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பறவை முகம், பூச்சி முகம், காளான் முகம் என்று எதையும் பொறுக்கிக்கொள்ளலாம். அதன்பின் அந்த இனத்தின் கொள்கையைப் பொறுக்க வேண்டும். சமத்துவமா, அதிகாரமா? அந்நியரோடு சிநேகமா, துவேஷமா? யுத்தமா, சமாதானமா? ஆத்மாவா, ஜடப்பொருளா? இந்த நான்கு ஜோடிகளிலிருந்து மூன்று மதிப்புக்குள் அடங்கும்படி பொறுக்க வேண்டும். ஒரு கொள்கையில் வெறியே கொண்டவனாக இருக்க விரும்பினால் அதற்கு இரட்டிப்பு மதிப்பு. பதினைந்து வயதுப் பையனை உட்கார வைத்து, "நீ எப்படிப்பட்ட அரசாங்கத்தை நடத்துவாய்?" என்று கேட்கும் பள்ளிக்கூடம் எத்தனை இருக்கிறது? இந்த ஒன்றுக்காகவே விளையாட்டை அமைத்தவர்களைப் பாராட்டலாம்.

இனி, பயத்துக்கு வருவோம்.

மேல்நாடுகளில் விளையாட்டுகளுக்கு வயது முத்திரை குத்துகிறார்கள். அது வந்த கதை தெரிந்துகொள்ள வேண்டியது. 'மார்ட்டல் காம்பட்' என்ற சண்டை விளையாட்டில், தோற்றவனின் தலையை முதுகெலும்போடு பிடுங்கி எடுக்கும் காட்சி இருந்தது. அமெரிக்காவில் தாய்மார்கள் பதறினார்கள். 1993-ல் செனட் சபையில் விசாரணை நடந்தது. சட்டம் வந்துவிடுமே என்று பயந்த விளையாட்டு வியாபாரிகள் 1994-ல் தாங்களே ஒரு தர நிர்ணய சபையை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஐரோப்பாவில் 2003 முதல் பெகி என்ற ஏற்பாடு இருந்து வருகிறது. 3, 7, 12, 16, 18 என்று வயதைப் பெட்டியின் மேல் அச்சடிப்பார்கள். ரத்தம், கெட்ட வார்த்தை, பயங்கரம், சூதாட்டம், ஆபாசம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. இனத் துவேஷத்தைத் தூண்டும் சித்திரிப்புக்கும் ஒரு குறி உண்டு. ஆனால் காளான் ஜாதியின் மேல் துவேஷம் கொண்டால் அதை எந்தக் குறியில் சேர்ப்பது?

முத்திரை குத்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பிறந்ததே கண்ணுக்குத் தெரியும் குரூரத்தைத் தடுக்கத்தான். 'ஸ்டெல்லாரிஸி'ல் கண்ணுக்குத் தெரியும் குரூரம் அநேகமாக இல்லை. கப்பலும் கப்பலும் மோதும்போது தூரத்தில் ஒளிக் கோடுகள் பாய்கின்றன. கார்த்திகை மத்தாப்பு மாதிரி இருக்கிறது. கிரகத்தில் சேனை இறங்கி யுத்தம் செய்வதைப் படமாகக்கூடக் காட்டுவதில்லை. பலம் குறைவதைக் கோடுகளாகக் காட்டுகிறார்கள். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. பாட்டியை பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடலாம்.

ஆனால் இந்த வகை விளையாட்டுகளுக்கு இங்கிலீஷில் வழங்கும் பெயரைக் கவனியுங்கள். 'நான்கு எக்ஸ்' என்கிறார்கள். 1993-ல் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்ற விண்வெளி விளையாட்டைப் பற்றி எழுதிய ஆலன் எம்ரிச் என்ற விமர்சகர் சூட்டிய பெயர் அது. தேடு, பரவு, சுரண்டு, ஒழி என்று பொருள்படும் நான்கு இங்கிலீஷ் வினைச்சொற்களிலும் அந்த எழுத்து ஒலிக்கிறது. வேடிக்கையாகத்தான் சூட்டினார், வேடிக்கையாகத்தான் நிலைத்தும் விட்டது. ஆனால் சரித்திரம் படித்த எவனும் அந்த நான்கு சொற்களைக் கேட்டவுடன் சற்றுத் திடுக்கிடுவான். கடல் கடந்து போன சாம்ராஜ்யங்களெல்லாம் இந்த நான்கு சொற்களையும் இதே வரிசையில்தான் நடத்திக் காட்டின.

என் தம்பியின் மகனுக்குப் பதினைந்து வயது. இந்த விளையாட்டில் கைதேர்ந்தவன். பல நாள் மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அவன் சொல்லிக் கொடுத்து நானும் ஆடியிருக்கிறேன். ஒரு நாள் அண்டை ராஜ்யத்தின் கிரகம் ஒன்றைப் பிடித்தான். அதில் காளான் முகம் கொண்ட ஓர் இனம் குடியிருந்தது. பையன் ஒரு பட்டியலைத் திறந்தான்.

"இவர்களை என்னடா செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"இவங்க நம்ம இனம் இல்லே, பெரியப்பா. வச்சிருந்தாக் கலகம் பண்ணுவாங்க. கிரகத்தைக் காலி பண்ணிட்டு நம்ம ஆளுங்களைக் குடியேத்திடுவேன்."

"காலி பண்ணுவது என்றால்?"

"இதோ, 'ஒழிப்பு'ன்னு இருக்கே. இதை வச்சுட்டாப் போதும். எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு பூஜ்யம் ஆயிடும்."

அவனுடைய பத்து வயதுத் தங்கை நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் காளான் மாமா பேர் என்ன?" என்று கேட்டாள். "அதுக்கெல்லாம் பேர் கிடையாது" என்றான் அவன்.

பையனைப் பற்றி யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். தெரு நாய்க்குத் தன் பங்கு பிஸ்கட்டைப் போட்டுவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்குகிறவன் அவன். அப்போது அவன் முகத்தில் குரூரம் இல்லை, கோபம்கூட இல்லை. கணக்கு நோட்டில் ஒரு பின்னத்தைச் சுருக்குகிறவனின் முகம்தான் இருந்தது. என்னை யோசிக்க வைத்தது அதுதான். தலையைப் பிடுங்கும் விளையாட்டில் பிள்ளைக்குக் குறைந்தபட்சம் அருவருப்பாவது உண்டாகும். இங்கே அருவருப்புக்கே இடமில்லை. ஓர் இனத்தைத் துரத்தலாம், அடிமையாக்கலாம், ஆடு மாடு மாதிரி வளர்த்து உணவாக்கலாம். எல்லாமே பட்டியலில் அடுத்தடுத்த வரிகள். ஹோட்டலில் இட்லி, வடை என்று எழுதிப் போட்டிருக்கிற மாதிரி இருக்கின்றன. 2018-ல் வெளிவந்த ஓர் இணைப்பில் ஒரு கிரகத்தையே பிளந்துவிடும் ராட்சஸக் கப்பலும் சேர்ந்துகொண்டது. பார்க்க மிகவும் அழகாக இருக்கும்.

இதற்கு ஒரு பதிலை அனுபவசாலிகள் தயாராக வைத்திருக்கிறார்கள். "சதுரங்கத்தில் காலாள் செத்தால் நீர் அழுவதுண்டா? ஆடு புலி ஆட்டத்தில் பதினைந்து ஆட்டையும் புலி தின்றால் உம்முடைய பாட்டி மூக்கைச் சிந்தினாளா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் ஆடு புலி ஆட்டத்தில் ஆடு என்பது ஒரு புளியங்கொட்டை. அது கடைசி வரை புளியங்கொட்டையாகவே இருக்கிறது. 'ஸ்டெல்லாரிஸ்' அப்படியல்ல. அது காளானுக்கு ஒரு முகத்தைக் கொடுக்கிறது; வேலை கொடுக்கிறது; சந்தோஷத்தையும் அதிருப்தியையும் கொடுக்கிறது; அரசியல் கட்சி கூடக் கொடுக்கிறது. இவ்வளவும் கொடுத்துவிட்டு, "இனி இதைப் புளியங்கொட்டையாக எண்ணி ஆடு" என்கிறது. மரக்கட்டையை மரக்கட்டையாக எண்ணுவதற்குப் பயிற்சி வேண்டாம். முகமுள்ளதை மரக்கட்டையாக எண்ணுவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

அந்தச் சிறுமி பெயர் கேட்டாளே, கதை எழுதுகிறவனின் தொழில் முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஊரில் காலரா வந்து இருநூறு பேர் செத்தார்கள் என்பது பத்திரிகைச் செய்தி. அவர்களில் ஒருத்திக்குப் பெயர் வைத்து, அவள் அன்று காலை ஊறப்போட்ட அரிசி என்ன ஆயிற்று என்று சொன்னால் அது கதை. பெயர் கேட்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இயல்பாக இருக்கிறது. அது நன்றாக வேர் பிடிப்பதற்கு முன் பிடுங்கிவிடக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். அவர்கள் பயந்துவிடுவார்கள் என்பதல்ல. பயப்படாமலே பழகிவிடுவார்கள் என்பது.

ஆனால் விமர்சகன் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகக் கூடாது. விளையாட்டின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது; பலமான நியாயம்.

முதலாவது, ஒழிக்கத்தான் வேண்டும் என்று விளையாட்டு யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அந்நியரை நேசிக்கும் கொள்கையை எடுத்துக்கொண்டவனுக்கு அந்த வழி அடைபட்டே இருக்கிறது. பல இனங்களைச் சேர்த்து ஒரு கூட்டாட்சி அமைத்து, நட்சத்திர மண்டலத்துக்கே ஒரு மகாசபை கூட்டி, நல்ல பெயரோடு ஆட்டத்தை முடிக்கலாம். அதுவும் சுவாரஸ்யமாகவே இருக்கிறது; ஒரு விதத்தில் அதிகக் கெட்டிக்காரத்தனம் கேட்கிறது. சமாளிக்க வேண்டிய மனஸ்தாபங்கள் அங்கேதான் அதிகம்.

இரண்டாவது, ஒழிக்கிறவனைச் சும்மா விடுவதுமில்லை. மற்ற ராஜ்யங்கள் அவனை வெறுக்கின்றன. அவனிடமிருந்து தப்பியவர்கள் அகதிகளாக வேறு ராஜ்யங்களுக்குப் போய்ச் சேருகிறார்கள். அங்கே ஆள்கிறவன் முன்னால் உடனே ஒரு கேள்வி வந்து நிற்கிறது: வந்தவர்களை ஏற்றுக்கொள்வதா, கதவைச் சாத்துவதா? உலகத்தில் பெரிய பெரிய சர்க்கார்கள் விழிக்கிற கேள்வி அது. பள்ளிக்கூடப் பையன் அதை ஒரு சாயங்காலத்தில் எதிர்கொள்கிறான் என்றால் அது சாமானிய விஷயமல்ல.

மூன்றாவதாக ஒன்று, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. போகிற வழியில், இன்னும் விண்வெளிக்கு வராத இனங்கள் தென்படும். கல்லாயுத காலத்தில் இருப்பவர்கள், வாளேந்தி நிற்பவர்கள், நீராவி யந்திரம் வரை வந்தவர்கள். அவர்களைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். கல்வி கொடுத்து முன்னுக்குக் கொண்டுவரலாம். சேனையை இறக்கிப் பிடித்துக்கொள்ளவும் செய்யலாம். நீங்கள் வேற்று இனமாக ஆடும்போது, சில சமயம் அப்படித் தென்படுவது நம்முடைய பூமியாகவே இருக்கும்! ஒரு தடவை அது இரண்டாம் உலக யுத்த காலத்துப் பூமி. இன்னொரு தடவை அணுகுண்டில் வெந்து மனிதர் யாருமே மிஞ்சாத பூமி. பூச்சி முகத்தோடு, ஆகாயத்தில் நின்றுகொண்டு, நம் வீட்டைக் குனிந்து பார்க்கிற அந்த நிமிஷம் நல்ல இலக்கியம் கொடுக்கும் நிமிஷத்துக்குக் குறைந்ததல்ல. என் தம்பி மகன் அங்கே மட்டும் சேனையை இறக்கவில்லை. "நம்ம ஊராச்சே" என்றான். காளான்களுக்கும் அது அவர்களுடைய ஊர்தானே என்று கேட்டேன். பதில் சொல்லாமல் காலத்தை நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

விளையாட்டு தானாக அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்பதற்கு வேண்டிய சாமான்களையெல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அது விதிக்கும் தண்டனையும் எண்ணிக்கையாகவே இருக்கிறது. அண்டை ராஜ்யங்களின் மதிப்பு இவ்வளவு குறைந்தது என்பான். கப்பல் பலம் இருக்கிறவன், "குறையட்டுமே" என்று போய்விடலாம். பாவத்துக்கு விலை உண்டு என்று சொல்லிக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் விலை கொடுக்க வசதி உள்ளவன் பாவம் செய்யலாம் என்று பையன் புரிந்துகொண்டால்?

வேறு விதமாகவும் இந்த விஷயத்தைச் செய்ய முடியும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 1999-ல் கனடாவிலுள்ள ரெலிக் என்ற கம்பெனியார் 'ஹோம்வேர்ல்ட்' என்ற விண்வெளி யுத்த விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் நீங்கள் ஒரு பாலைவனக் கிரகத்து ஜனங்களின் தாய்க் கப்பலை நடத்துகிறீர்கள். பரீட்சார்த்தமாக ஒரு பயணம் போய்விட்டுத் திரும்பி வந்தால் கிரகமே பற்றி எரிந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க சங்கீத மேதை சாமுவேல் பார்பரின் இசை மெல்ல ஒலிக்கிறது. உறக்க நிலையில் கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த சில லட்சம் பேர் மட்டுமே மிச்சம்; அவர்களை எதிரிகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அங்கேயும் ரத்தமில்லை, அங்கேயும் எண்ணிக்கைதான். ஆனால் எரிந்தது உங்கள் வீடு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அதை ஆடியவர்கள் அந்தக் காட்சியைப் பற்றித் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். பட்டியலில் விரலை வைப்பவனின் இடத்தில் உட்கார வைப்பது ஒன்று. பட்டியலில் இடம் பெற்றவனின் பக்கத்தில் நிற்க வைப்பது மற்றொன்று. இரண்டும் ஆடிப் பார்த்த பையன் ஒன்றை மட்டும் ஆடியவனைக் காட்டிலும் நல்ல ராஜாவாக இருப்பான்.

மற்ற லாப நஷ்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறிவுக்கு லாபம் உண்டு. சூரியனைச் சுற்றிலும் கூடு கட்டி அதன் சக்தி முழுவதையும் அறுவடை செய்யும் திட்டம் விளையாட்டில் வருகிறது. ஃப்ரீமன் டைசன் என்ற விஞ்ஞானி 1960-ல் வெளியிட்ட யோசனை அது. அங்கிருந்து பையன் புத்தகத்துக்குப் போனால் நல்லதே. உணவு, உலோகம், மின்சக்தி ஆகியவற்றின் வரவு செலவைக் கட்டிக்காக்க வேண்டியிருப்பதால் குடும்பம் நடத்தும் சாமர்த்தியமும் கொஞ்சம் வரும். எழுத்து ஏராளம், எல்லாம் இங்கிலீஷில் அல்லது வேறு பாஷைகளில், தமிழில் இல்லை. சுமாராக இங்கிலீஷ் தெரியாத பிள்ளை தடுமாறும்.

நஷ்டம், பொழுது. ஒரு முழு ஆட்டம் ஒரு வாரத்து மாலைப் பொழுதுகளை விழுங்கிவிடும். "இந்த ஆராய்ச்சி மட்டும் முடிந்துவிடட்டும்" என்பான்; அது முடிவதற்குள் யுத்தம் வந்துவிடும். சாப்பிடக் கூப்பிடும் தாய்மார்களுக்கு இந்த ரகசியம் தெரிந்திருக்க வேண்டும்: காலத்தை நிறுத்தும் வசதி இருக்கிறது, "முடியாது அம்மா" என்று சொன்னால் நம்ப வேண்டாம். பணமும் ஒரு விஷயம். முதலில் வாங்கியதோடு முடிவதில்லை. இணைப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. அறியாதவர்களோடு சேர்ந்து ஆடும் வசதியும், அறியாதவர்கள் செய்து வைத்த மாறுதல்களைச் சேர்த்துக்கொள்ளும் வசதியும் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் பெட்டியின் மேலுள்ள முத்திரை பொறுப்பல்ல.

சரி, என் தீர்ப்பு என்ன? பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு இந்த நட்சத்திர மண்டலத்தில் புரியாதது பாதி. புரிந்துவிடக் கூடாதது பாதி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்க ஆடலாம். தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அறியாதவர்களோடு வேண்டாம். பதினாலு வயதுக்கு மேற்பட்டவர்கள் தாராளமாக ஆடலாம். அந்த வயதில் சரித்திரம் படிக்கிறார்கள். செய்தித்தாளில் கண் ஓடுகிறது. கெடுதல் செய்கிறவன் எப்போதும் கோரைப்பல்லோடு வருவதில்லை, கணக்கு நோட்டோடும் வருவான் என்று தெரிந்துகொள்ள வேண்டிய வயது அது. அதைச் சொல்லிக் கொடுக்க இந்த விளையாட்டைவிடத் தெளிவான சாதனத்தைக் கம்ப்யூட்டரில் நான் பார்க்கவில்லை. பிள்ளை நல்லவனாகவே ஆட வேண்டும் என்று வற்புறுத்தவும் வேண்டாம். ராவணனாக ஒரு தடவை ஆடிப் பார்க்கட்டும்; நாங்கள் கதை எழுதுகிறவர்களும் அதைத்தானே செய்கிறோம்?

ஒரே ஒரு நிபந்தனை. பெட்டியிலுள்ள முத்திரையைப் பார்த்துத் திருப்தி அடைந்து, பையனை அதோடு விட்டுவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். விளையாட்டு புரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். அவன் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுப்பான். ஆட்டம் எப்படிப் போகிறது என்று விசாரியுங்கள். அந்தக் கிரகத்தில் முன்பு யார் இருந்தார்கள், இப்போது எங்கே போனார்கள் என்றும் கேளுங்கள். உபதேசம் செய்ய வேண்டியதில்லை. கேட்டுவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருந்தால் போதும்.